குழலும் நாவும்: நா உருட்டி ஊதும் முறை



அந்தி சாயும் வேளையில் லயத்துக்குப் பின்புறம், செம்பனை மரங்களின் ஓரமாக நின்று, மேயப் போன ஆடுகளைப் பெரியவர் ஒருவர் "ட்ர்ர்ர்ர்... பா" என்று அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆடுகளும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் பட்டியை நோக்கி வரும். அதே வேளையில் லயத்து வாசலில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், இல்லாத மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைத் திருகிக்கொண்டு "ட்ர்ர்ர்ர்" என்று ஓடுவான். இவ்விருவரும் இசைப்பள்ளியில் பயின்றவர் அல்லர். ஆயினும், மேனாட்டுக் குழலிசைக் கலைஞர் முயன்று கற்கும் ஒரு நுட்பத்தை இவர்கள் தம்மை அறியாமலே செய்கின்றனர். நாவின் நுனியைக் காற்றில் உருளவிட்டுக் குழலை ஊதுவதே அந்நுட்பம். இதனை 'நா உருட்டு' என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

இது என்ன, எப்படிப் பிறக்கிறது, எவ்வாறு பழகுவது, பழக இயலாதவர் என்ன செய்வது என்பவற்றை வரிசையாகக் காண்போம்.

குழலில் ஒலி பிறப்பது எப்படி?

வெறும் மூங்கிலுக்கு ஒலி கிடையாது. நாம் இதழ்களைக் குவித்து மெல்லிய தாரையாகக் காற்றை ஊதுகிறோம். அத்தாரை வாய்த்துளையின் எதிர் விளிம்பில் மோதுகிறது. மோதிய காற்று ஒரு நொடி குழலுக்குள்ளும் மறு நொடி குழலுக்கு வெளியிலுமாக மாறி மாறிப் பாய்கிறது. அதனால் குழலின் உள்ளே அடைபட்டுள்ள காற்று அதிர்கிறது. அந்த அதிர்வே இசையாக நம் காதை அடைகிறது. வெற்றுப் புட்டியின் வாயில் ஊதிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

விரல்களால் துளைகளை எல்லாம் மூடினால் அதிரும் காற்றின் நீளம் மிகுதி. ஒலி தாழ்ந்து ஒலிக்கும். வாய்த்துளைக்கு அருகில் உள்ள துளைகளைத் திறந்தால் நீளம் குறையும், ஒலி உயரும். விரலை மாற்றாமலே காற்றின் விரைவை மட்டும் கூட்டினால் அதே சுரம் மேல் தாயியில் எழும். ஆகவே, குழலிசைக்கு விரல், இதழ், மூச்சு ஆகிய மூன்றும் வேண்டும். நான்காவதாக ஒன்று உண்டு. அது வாய்க்குள் மறைந்திருப்பதால் பலர் அதனை எண்ணுவதில்லை. அதுவே நா.

பழந்தமிழரும் குழலும்

குழல் நமக்குப் புதிய கருவி அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ஆயர் வாழ்வு கூறப்படுகிறது. தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்கி, அந்நெருப்பால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து, காட்டில் ஆநிரை மேய்க்கும் இளைஞன் அதனை ஊதுகிறான். கடையில் வாங்கிய குழல் அன்று. தன் கையால் சுட்டுத் துளைத்த குழல். அகநானூற்றில் கபிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, அசையும் மூங்கிலில் உள்ள துளை வழியே கோடைக்காற்று நுழைந்து எழுப்பும் ஒலியையே குழலிசையாகக் காட்டுகிறார். மனிதன் குழலைச் செய்யுமுன் காற்றே அதனை ஊதியிருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது அன்றோ?

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் குழலின் இலக்கணத்தையே வகுத்துத் தந்துள்ளார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றால் குழல் செய்யலாம் என்றும், அவற்றுள் மூங்கிலே சிறந்தது என்றும் கூறுகிறார். நீளம் 20 விரல். சுற்றளவு நாலரை விரல். இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீங்கலாக மூன்று விரல்கள், வலக்கையில் பெருவிரல் நீங்கலாக நான்கு விரல்கள், ஆக ஏழு விரல்களை ஏழு துளைகளில் வைத்து ஊத வேண்டும் என்பது அவர் கூறும் முறை. இன்று நாம் காணும் கருநாடக இசைப் புல்லாங்குழலிலும் எட்டு விரல் துளைகள் இருக்க, பெரும்பாலும் ஏழையே விரல்கள் ஆள்கின்றன. எத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் கை வைக்கும் முறை மாறாதிருப்பது வியப்பைத் தருகிறது.

நம் மலேசிய மண்ணுக்கும் குழல் உரியதே. மலாய்க்காரர்களின் 'சுருலிங்' மூங்கிற் குழலேயாகும். தெமியார் முதலிய பழங்குடி மக்கள் மூக்கின் காற்றால் ஊதும் மூங்கிற் குழலையும் வைத்துள்ளனர். மூங்கில் முளைத்த இடமெல்லாம் குழலும் முளைத்தது எனலாம்.

நாவின் தொழில்

இனி நாவுக்கு வருவோம். ஒரே சுரத்தை மூன்று முறை ஊத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூச்சை மூன்று முறை நிறுத்தி நிறுத்தி ஊதினால் களைப்பு மிகும், தெளிவும் இராது. அதற்கு மாறாக, மூச்சை ஒரே சீராக விட்டுக்கொண்டு, நாவின் நுனியால் 'து, து, து' என்று தட்டினால் மூன்று சுரங்களும் முத்துக்களைப் போலத் தனித்தனியே உதிரும். குழாயில் ஓடும் தண்ணீரை விரலால் அடைத்து அடைத்து விடுவது போன்றதே இது.

நாதசுரக் கலைஞர் இதனைத் துத்துகாரம் என்பர். நாவால் தட்டாமல் மூச்சின் ஓட்டத்தாலும் விரலாலும் மட்டுமே சுரங்களை இழைத்துச் செல்வது அகாரம். நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் மேளக்காரர் வாசிக்கும்போது கூர்ந்து கேளுங்கள். வேகமான இடங்களில் நாதசுரம் தெறித்து விழுவது போல் ஒலிப்பது துத்துகாரத்தால்; ஆலாபனையில் நெய் ஒழுகுவது போல் ஒலிப்பது அகாரத்தால்.

புல்லாங்குழலைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் என்று போற்றப்படுபவர் கும்பகோணம் சரப சாஸ்திரியார் (1872–1904). இளமையிலேயே கண்பார்வை இழந்தவர். 32 ஆண்டுகளே வாழ்ந்தவர். அவருடைய மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962). இவரது வாசிப்பில் நாவின் தட்டு தெளிவாக ஒலித்தது. பின்னர், திருவிடைமருதூரில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) தோன்றினார். 'மாலி' என்று மக்கள் அன்போடு அழைத்த இவர், ஏழு வயதிலேயே மயிலாப்பூரில் மேடையேறினார். இவர் நாவின் தட்டைக் குறைத்து, இதழும் விரலும் மூச்சும் கொண்டு, மனிதன் வாய்விட்டுப் பாடுவது போலவே குழலைப் பாட வைத்தார். இவருடைய மாணவர் திருவாரூர் என். ரமணி (1934–2015) அவ்வழியை உலகெங்கும் கொண்டு சென்றார்.

ஆகவே, நாவை எங்கே பயன்படுத்துவது, எங்கே அடக்கி வைப்பது என்பதே குழலிசையின் பெரிய கேள்விகளுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது.

நம் பள்ளிகளிலும் இக்கேள்வி உண்டு. 1983-ஆம் ஆண்டு நாடு முழுவதும் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது இசைக்கல்வி தனிப்பாடமாக இடம்பெற்றது. மேல் வகுப்புகளில் ரெக்கார்டர் கற்பிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. "வெறுமனே ஊதாதே, 'து' சொல்லி ஊது" என்று இசை ஆசிரியர் கூறுவது இத்துத்துகாரத்தைத்தான்.

நா உருளுவது எவ்வாறு?

துத்துகாரத்தில் நா நம் விருப்பப்படி தட்டுகிறது. நன்கு பழகியவர்களும் ஒரு வினாடியில் பத்து முறைக்கு மேல் நுனி நாவால் 'து' என்று தட்டுவது அரிது. ஆனால் நா உருட்டில் நுனி நா ஒரு வினாடியில் ஏறத்தாழ 25 முறை அடிக்கிறது! அவ்வளவு விரைவு நம் தசைக்கு எங்கிருந்து வந்தது?

உண்மை என்னவென்றால், அங்கே நாவை அசைப்பது நாம் அல்லோம், காற்றே அசைக்கிறது. நாவின் இரு பக்கங்களையும் மேல் கடைவாய்ப் பற்களில் படியவிட்டு, நுனியை மட்டும் மேல் முன்பற்களுக்குப் பின்னுள்ள மேட்டுக்கு அருகில் தளர்வாக நிறுத்துகிறோம். பின்னிருந்து வரும் மூச்சு நுனியைத் தள்ளித் திறக்கிறது. திறந்த இடுக்கு வழியே காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. நாவும் தன் இயல்பான விறைப்பால் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இடுக்கு மூடுகிறது, மீண்டும் காற்று தள்ளுகிறது. கொடிமரத்தில் கொடி படபடப்பதும், பலத்த காற்றில் வாழையிலைக் கிழிசல் துடிப்பதும் இத்தகையனவே. கொடி தானாக ஆடுவதில்லை, காற்றே ஆட்டுகிறது.

இதிலிருந்து ஒரு பெரிய பாடம் கிடைக்கிறது. நா உருள வேண்டுமானால் நாவை வலிந்து அசைக்கக் கூடாது. இறுக்கிய கொடி ஆடாது. இறுக்கிய நாவும் உருளாது.

கோல சிலாங்கூர் ஆற்றங்கரையில், கம்போங் குவாந்தான் பக்கம், இரவில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகளைக் கண்டவர்கள் நம்முள் பலர். ஆயிரம் பூச்சிகள் ஒருசேர மின்னுவதும் அணைவதுமாக இருக்கும். ஒளி விட்டு விட்டு வந்தாலும் மரம் முழுவதும் துடிக்கும் ஒரே ஒளியாக நமக்குத் தோன்றும். நா உருட்டும் அத்தகையதே. சுரம் விட்டு விட்டு வருகிறது. எனினும் அறுபடாத ஒரே சுரம் நடுநடுங்கி ஒலிப்பதாகக் காது கேட்கிறது.

தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகள் வாயில் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்பதை ஆராய்ந்து கூறியுள்ளார். நுனி நா மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் பிறக்கும். அண்ணத்தில் ஒற்றினால் றகரமும் னகரமும் பிறக்கும் என்பது அவர் கண்ட உண்மை. வருடுவதற்கும் ஒற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை அத்துணைக் காலத்துக்கு முன்பே நம் இலக்கண ஆசிரியர் நாவின் மேல் வைத்துச் சோதித்திருக்கிறார்! தமிழை நாவின் பழக்கம் என்று ஔவையார் கூறியதும் நினைவுக்கு வருகிறது. ரகரத்தைச் செம்மையாக ஒலிக்கப் பழகிய நாவுக்கு நா உருட்டு ஓர் அடுத்த படிதான்.

மேனாட்டு இசையில் நா உருட்டு

மேனாட்டில் இந்நுட்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய இசையமைப்புகளில் இடம்பெறத் தொடங்கியது. இரசிய நாட்டு இசைமேதை சைக்கோவ்ஸ்கி 1892-இல் அரங்கேறிய 'நட்கிராக்கர்' என்னும் நாட்டிய இசையில் குழல்களுக்கு இதனை அமைத்தார். ஜெர்மானியரான ரிச்சர்டு ஸ்திராஸ் 1897-இல் 'டான் குயிக்சோட்' என்னும் இசைப்படைப்பை இயற்றினார். அக்கதையின் தலைவன் ஆட்டு மந்தை ஒன்றைப் பகைவர் படை என்று மயங்கி அதன்மேல் பாய்கிறான். அம்மந்தையின் கத்தலை ஊதுகருவிகளின் நா உருட்டாலேயே ஸ்திராஸ் எழுப்பிக் காட்டினார்.

இப்பொழுது தொடக்கத்தில் கூறிய பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டை அழைக்க நம் பெரியவர் நாவை உருட்டுகிறார். ஆட்டின் ஒலியைக் காட்ட ஐரோப்பியக் கலைஞரும் நாவை உருட்டினார். ஒருவர் ஏட்டில் எழுதி வைத்தார். மற்றவர் எழுதி வைக்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

பயிற்சி முறை

இதனைப் பழக விரும்பும் மாணவர்கள் கீழ்க்காணும் படிகளை அவசரமின்றிக் கடைப்பிடிக்க வேண்டும். ஒரு படி கைவந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்க.

முதற் படி: கருவி வேண்டா. நிமிர்ந்து அமர்ந்து, 'மரம், முரசு, கரும்பு' என்னும் சொற்களைத் தெளிவாகச் சொல்க. பின்னர் 'ட்ரா, ட்ரா' என்று சொல்லி, அவ்வொலியை 'ட்ர்ர்ர்ரா' என நீட்டுக. ஆட்டை அழைக்கும் ஒலியே இது என்பதை மறவாதீர்.

இரண்டாம் படி: அதே ஒலியைக் குரல் இல்லாமல், வெறும் காற்றால் எழுப்புக. கழுத்தின் முன்புறம் விரலை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரிந்தால் குரல் கலந்துள்ளது. அதிர்வு இல்லையேல் சரி. குழலுக்குள் செல்ல வேண்டியது காற்றே தவிரக் குரல் அன்று. பலர் இப்படியில்தான் தடுமாறுவர். நாள்தோறும் சிறிது நேரம் முயன்றால் போதும்.

மூன்றாம் படி: ஒரு விரல் அகலமுள்ள தாள் துண்டை முகத்துக்கு எதிரே ஒரு சாண் தொலைவில் பிடித்துக்கொள்க. இதழ்களைக் குழல் ஊதுவது போல் குவித்து நாவை உருட்டுக. தாள் ஒரே பக்கமாக விலகி நின்று துடித்தால் காற்று நேராகவும் சீராகவும் செல்கிறது என்று அறியலாம். நாவுக்கு இடம் போதவில்லை எனத் தோன்றினால் கீழ்த்தாடையைச் சற்றே தாழ்த்துக.

நான்காம் படி: இப்பொழுது கருவியை எடுக்கலாம். ரெக்கார்டர் ஆயின், இடக்கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மூடி எழுப்பும் 'பி' என்னும் சுரத்தை ஊதுக. புல்லாங்குழல் ஆயின், முதல் இரண்டு துளைகளை மூடிச் சட்சத்தை ஊதுக. முதலில் நா அசையாமல் நீண்ட, நேரான சுரம் வர வேண்டும். அது நிலைபெற்ற பின்னரே மூச்சைச் சிறிது கூட்டி நாவை உருளவிடுக. நேரான சுரம் ஊத வராதவர்க்கு நடுங்கும் சுரம் அழகாக வராது.

ஐந்தாம் படி: ஆதி தாளம் போடும் நண்பர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்க. எட்டு எண்ணிக்கையில் முதல் நான்கு நேரான சுரம்; அடுத்த நான்கு நா உருட்டு. மூச்சு இடையில் அறுபடலாகாது. இது கைவந்தால் எட்டும் நா உருட்டாக ஊதிப் பார்க்கலாம்.

ஆறாம் படி: 'ச ரி க ம ப த நி ச' எனப் படிப்படியாக ஏறி இறங்குக. புரந்தரதாசர் தொடக்க மாணவர்க்கு வகுத்த மாயாமாளவகௌளை இராகத்தின் சரளி வரிசையே இதற்குப் போதும். கீழ்ச்சுரங்கள் கடினம் என்பதை அறிவீர்கள். அவற்றுக்கு மெல்லிய காற்று வேண்டும். நா உருளவோ வலிய காற்று வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள அளவைக் கண்டுபிடிப்பதே இப்பயிற்சியின் முடிமணி.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதுமானது. தலை சுற்றினால் உடனே நிறுத்தி, அமர்ந்து, இயல்பாக மூச்சு விடுக. அளவுக்கு மீறி ஊதுவதால் வரும் மயக்கம் அது.

பிழையும் திருத்தமும்

சுரம் மேல் தாயிக்குத் தாவுகிறதா? காற்று மிகுதி, மூச்சைக் குறைக்கவும்.

நா உருண்டு உருண்டு நின்றுவிடுகிறதா? நுனி இறுகியுள்ளது, அல்லது காற்று போதவில்லை. கருவியைக் கீழே வைத்து முதற் படிக்குத் திரும்புக.

காற்றின் இரைச்சல் கேட்கிறது, சுரம் கேட்கவில்லையா? நா உருளும்போது இதழ்கள் விரிந்துவிட்டன. கண்ணாடி முன் நின்று பழகுக.

எச்சில் நிறைகிறதா? அது இயற்கை. கருவியை உதறித் துடைத்துவிட்டுத் தொடர்க.

பழுது எங்குள்ளது என்று இவ்வாறு ஆராய வேண்டுமே தவிர, "இந்தக் குழலே சரியில்லை" என்று கூறிவிடக் கூடாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக அது முடியும்.

நா உருளாதவர் என் செய்வது?

இவ்வினாவுக்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

ஒரு வகுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு ரகரம் வாராது. 'ரப்பர் மரம்' என்பது அவன் வாயில் 'லப்பல் மலம்' என்று வரும். அவன் வாய்விட்டுப் படிக்க எழுந்தாலே வகுப்பு சிரிக்கும். நாளடைவில் அவன் எழுவதையே விட்டுவிட்டான். நாமும் அவனைச் சோம்பேறி என்றே எண்ணினோம். "நன்றாக நாவை மடக்கிச் சொல்" என்று பலமுறை கடிந்துகொண்டோம். அதைக் கேட்டு மற்றவர் மேலும் சிரித்தனர். அச்சிரிப்பில் நமக்கும் பங்கு உண்டு என்பதை அன்று உணரவில்லை.

இசை வகுப்பில் நா உருட்டைக் காட்டியபோது பிள்ளைகள் எல்லாரும் ஆடு மேய்ப்பவர்களாக மாறிவிட்டனர். வகுப்பறை முழுவதும் 'ட்ர்ர்ர்' என்ற ஒலி. அவன் மட்டும் வாயைத் திறக்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பாட வேளை முடிந்த பின் தனியே அழைத்துக் கேட்டபோது, "என் நாக்கு அப்படி ஆடாது, சார்" என்றான். அவன் முயலாமல் இருந்தவன் அல்லன். வீட்டில் யாரும் இல்லாத வேளைகளில் பலநாள் முயன்று பார்த்தவன்.

அப்போதுதான் மற்றொரு வழி இருப்பதை அவனுக்குச் சொன்னோம். நா உருட்டுக்கு நுனி நா ஒன்றே கருவி அன்று. வாயில் சிறிது தண்ணீரை வைத்துத் தலையைப் பின்னே சாய்த்துக் கொப்பளித்துப் பாருங்கள். தொண்டையில் 'க்ர்ர்ர்' என்று ஓர் ஒலி எழும். அங்கே துடிப்பது உள்நாக்கு. தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இறுதியில் தண்ணீரே இல்லாமல் அதே ஒலியை எழுப்பப் பழகலாம். பின்னர்த் தலையை நேராக நிறுத்திக்கொண்டு, அக்காற்றையே குழலுக்குள் செலுத்தலாம். நுனி நா உருளாத குழற்கலைஞர் உலகெங்கும் கையாளும் முறை இது. கீழ்ச்சுரங்களுக்கு இவ்வழியே எளிது என்று கருதுவோரும் உளர்.

அவன் வீட்டுக் குளியலறையில் கொப்பளித்துக்கொண்டே இருந்தான் என்று அவன் தாயார் பின்னர்ச் சொல்லிச் சிரித்தார். மூன்று வாரம் கழித்து வகுப்பில் எழுந்து, ரெக்கார்டரை வாயில் வைத்து, ஒரே ஒரு சுரத்தை நடுநடுங்க ஊதினான். எவரும் சிரிக்கவில்லை. "எப்படிடா செய்தாய்?" என்று பின்வரிசையில் இருந்தவர்கள் கேட்டனர். முன்பு சிரித்தவர்கள் அவனிடம் பாடம் கேட்க நின்றனர்.

அவனுக்கு ரகரம் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், வந்துவிடவில்லை. ஆண்டு முடியும்போதும் அது அரைகுறையாகவே இருந்தது. ஆனால், படிக்கச் சொன்னால் எழுந்து படித்தான். அதுவே நமக்குப் பெரிதாகத் தோன்றியது.

நா உருளும் ரகரம், குழந்தைகள் மிகவும் தாமதமாகக் கற்கும் ஒலிகளுள் ஒன்று. வயது ஏற ஏறப் பலருக்குத் தானே வந்துவிடும். சிலருக்கு நாவின் அடியிலுள்ள சவ்வு குறுகியிருப்பதும் உண்டு. பிள்ளை நாவை நீட்டவோ மேலே தூக்கவோ இயலாமல் இருந்தாலும், பள்ளி வயது வந்த பின்னும் பேச்சு பிறருக்கு விளங்காமல் இருந்தாலும், பெற்றோர் மருத்துவரிடம் காட்டிக் கேட்பது நல்லது. பேச்சுப் பயிற்சி அளிப்பவர்களும் மருத்துவமனைகளில் உள்ளனர். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. குழலையும் யாழையும்விடத் தம் மக்களின் மழலையே இனிது என்று வள்ளுவர் பாடியது, மழலை திருந்திய பேச்சாக இருப்பதனால் அன்று.

எங்கே பயன்படுத்துவது?

கறிக்கு உப்பு வேண்டும். உப்பே கறி ஆகாது. நா உருட்டும் அத்தன்மைத்தே. நம் கருநாடக இசையில் சுரத்தை அசைத்து அழகு செய்வது கமகம். அது விரலாலும் மூச்சாலும் ஆவது. அவ்விசையின் மரபில் நா உருட்டுக்கு இடமில்லை. ஆகவே, கீர்த்தனையின் நடுவே நாவை உருட்டிச் சுரத்தின் இழையைக் கெடுக்கலாகாது. நாடகத்தில் புயல் வீசும் காட்சி, பறவை சிறகடிக்கும் காட்சி, அச்சம் தோன்றும் காட்சி, சிறுவர்க்கான கதை சொல்லும் நிகழ்ச்சி ஆகியவற்றில் பின்னணியாக ஊதலாம். பள்ளிக் கலைவிழாவில் ஆயர் நடனம் ஆடும்போது, ஆட்டை அழைக்கும் இடத்தில் ஒரே ஒருமுறை ஒலித்தாலும் அவை சிலிர்க்கும்.

நுட்பம் ஒன்றைக் கற்றவன் அதனை எங்கே பயன்படுத்தலாகாது என்பதையும் கற்றால்தான் கல்வி நிறைவுறும். மாலி அவர்களின் வாழ்வு நமக்குக் காட்டுவதும் அதுவே.

பெற்றோர்க்கு ஒரு சொல்

விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்லும் தோட்ட மக்களின் உறக்கம் அருமையானது. ஆகவே, பிள்ளைகள் மாலை ஐந்து, ஆறு மணிக்குள், வீட்டுக்கு வெளியே, மரத்தடியில் அமர்ந்து பழகட்டும். ஒருவர் ஊதிய கருவியை மற்றவர் வாயில் வைக்கலாகாது. பயன்படுத்திய பின் ரெக்கார்டரைக் கழுவி உலர்த்த வேண்டும். மூங்கிற் குழலை வெயிலில் போட்டால் வெடிக்கும். துணியுறையில் வைத்துக் காக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்களோடு, கோயிலில் குழலும் நாதசுரமும் வாசித்தவர்களும், ஆட்டை ஒலியாலேயே அழைக்கத் தெரிந்தவர்களும் பெயர்ந்து போயினர். இன்னும் நம்மிடையே உள்ள பெரியவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். "தாத்தா, அந்த ஒலியை எப்படி எழுப்புகிறீர்கள்?" என்று கேட்கட்டும். அவர் நாவில் உள்ளது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. பேரப்பிள்ளையின் நாவுக்கு மாறினால் மட்டுமே அது வாழும்.

முடிவாக

குழலின் விலை சில வெள்ளிதான். மூச்சுக்கும் நாவுக்கும் விலை இல்லை. கண்பார்வை இல்லாத சரப சாஸ்திரியார் குழலை மேடையேற்றினார். நுனி நா உருளாத மாணவன் உள்நாக்கால் சுரத்தை நடுங்க வைத்தான். ஒரு வழி அடைத்தால் மறுவழி தேடும் உள்ளம் இருக்குமானால் கலை எவரையும் கைவிடாது.

பயிற்சி வினாக்கள்

1. குழலில் எதிர் விளிம்பில் மோதும் காற்று என்ன ஆகிறது?
2. துத்துகாரம், அகாரம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.
3. நா உருட்டில் நாவை அசைப்பது எது? கொடியின் எடுத்துக்காட்டால் விளக்குக.
4. ரகரமும் றகரமும் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் எவ்வாறு வேறுபடுத்துகிறார்?
5. உங்கள் தோட்டத்தில் ஆடு மாடுகளை அழைக்கப் பெரியவர்கள் எழுப்பும் ஒலிகளைக் கேட்டறிந்து எழுதி வருக.

வாழ்க தமிழ்! வளர்க இசைக்கலை!